புளியம்பட்டிச் சந்தையில் வாங்கிய இரும்பு வடச்சட்டி: எட்டு மாதம் சமைத்த பிறகு

இதை வாங்கியதே மகளின் ஓட்டத்துக்காகத்தான். பதினொன்றாம் வகுப்பு, 800 மீட்டர் ஓடுகிறாள். 2 நிமிடம் 26 விநாடியில் ஓடியவள் மெல்ல மெல்ல 2:34-க்குப் போய்விட்டாள். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. முதலில் காட்டிய இடத்தில் ஹீமோகுளோபின் 12.3, சரியாக இருக்கிறது, பரீட்சைப் பயம்தான் என்று அனுப்பிவிட்டார்கள். அதை நம்பி மூன்று மாதம் வீணாக்கியது எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்புறம் கோவையில் ஒரு டாக்டர், உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற ரத்தச் சோதனையைப் பார்க்கச் சொன்னார். வெறும் 9. ஹீமோகுளோபின் குறையாமலே உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாகிவிடுமாம். இரும்பு வேர்வையில் போவது கொஞ்சம், பாதம் தரையில் அறைந்து சிவப்பணு உடைவதில் கொஞ்சம், மாதவிடாயில் நிறைய.

இரும்பு மாத்திரை ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில் ஓடி வந்த அரை மணிக்குள், எலுமிச்சைச் சாற்றோடு. நேரம் தள்ளினால் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடலை இரும்பு எடுக்க விடாது. அந்த நேரத்தில் காபி கூடவே கூடாது. வீட்டில் இரும்புச் சட்டியில் சமைத்தால் நல்லது என்றும் சொன்னார்.

சட்டி பத்து அங்குலம், இரண்டு கிலோவுக்கு மேல் கனம், 650 ரூபாய். அரிசி கழுவிய தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, எண்ணெய் தடவி, வெங்காயம் வதக்கிப் பழக்கினேன். தக்காளித் தொக்கு, புளிக்குழம்பு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல் எல்லாம் இதில்தான். புளிப்பு சேர்ந்தால்தான் இரும்பு நன்றாக இறங்கும். ஆனால் விற்ற அம்மா சொன்னதை மறக்கக்கூடாது: "ஆக்குன ஒடனே வேற ஏனத்துக்கு மாத்திப்போடு அம்மிணி, நிக்க உட்டா கருத்துப்போகும்." ஒரு நாள் மறந்தேன், குழம்பு மை மாதிரி ஆகி வாயில் வைக்க முடியவில்லை.

மூன்று மாதத்தில் ஃபெரிட்டின் 34. அது மாத்திரையின் வேலை, சட்டி துணைக்குத்தான். ஃபெரிட்டின் பார்க்காமல் யாரும் தாமாக இரும்பு மாத்திரை விழுங்க வேண்டாம், மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும்.

குறை என்றால் காது இரண்டும் கொதிக்கும், துணி இல்லாமல் தொட முடியாது. ஈரத்தோடு கவிழ்த்தால் காலையில் துரு நிற்கும். எனக்கு அது பெரிதில்லை. போன வாரம் 2:25 ஓடினாள். அடுத்த சந்தையில் தோசைக்கல்லும் இரும்பில்தான் வாங்கப்போகிறேன்.