பிடிஎம்எஸ், கண்ணாடி, சிஓசி: ஒளியால் அளக்க எந்த நுண்கால்வாய்?

நுண்கால்வாயை, அதாவது மாதிரித் திரவம் ஓடும் மயிரிழை அளவுப் பாதையை, வரைய உட்கார்ந்ததுமே பலரும் வளைவிலும் சந்திப்பிலும் மூழ்கிவிடுகிறார்கள். முதலில் முடிவாக வேண்டியது ஒளியின் பாதை. எந்தப் பக்கம் நுழைகிறது, எதைக் கடக்கிறது, மாதிரிக்குள் எத்தனை மைக்ரான் ஓடுகிறது? இது தெளிந்தால் பொருள் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

செல்களை ஒளிரும் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு பிடிஎம்எஸ் என்ற தெளிவான சிலிக்கோன் ரப்பர்தான் என் முதல் தேர்வு. பசையும் கெட்டியாக்கியும் எடையில் 10:1, வெற்றிடத்தில் அரை மணி நேரம் குமிழி நீக்கம், 65 டிகிரியில் 4 மணி நேரம். பிறகு ஆக்சிஜன் பிளாஸ்மா (மின்னேறிய வாயு) காட்டி, சில நிமிடங்களுக்குள் 0.17 மி.மீ. கவர்ஸ்லிப்பில் (மெல்லிய கண்ணாடித் தகட்டில்) ஒட்ட வேண்டும். பெரும்பாலான உயர்திறன் லென்ஸ்கள் அந்தத் தடிமனுக்கே திருத்தப்பட்டவை. கால்வாயின் அகலம் உயரத்தைப் போல் பத்து மடங்கைத் தாண்டினால் கூரை தொய்ந்து அடியில் ஒட்டிக்கொள்ளும். தூண்கள் வைக்கலாம், ஆனால் அளக்கும் இடத்தில் வேண்டாம்.

இதன் பெரிய குறை, நீரை வெறுக்கும் சிறு மூலக்கூறுகளைக் குடித்துவிடுவது. ரோடமின் பி என்ற ஒளிரும் சாயக் கரைசலைச் சில மணி நேரம் உள்ளே நிறுத்திவிட்டுக் கழுவிப் பாருங்கள். கால்வாய் காலியாக இருக்கும். சுவர் மட்டும் ஒளிர்ந்துகொண்டே இருக்கும், விளிம்பு உள்நோக்கி மங்கிப் பரவியிருக்கும். அந்த ஒளியும் உங்கள் அளவீட்டில் சேர்ந்துவிடும். செறிவை எண்ணாகச் சொல்ல வேண்டிய வேலைக்கு இது ஆகாது.

கண்ணாடி எதையும் குடிப்பதில்லை. கரைப்பானுக்கும் அழுத்தத்துக்கும் தாங்கும். ஆனால் அதில் கால்வாய் குடையும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் எல்லாத் திசையிலும் சமமாக அரிப்பதால் சுவர் வளைந்துவிடும், அகலம் ஆழத்தின் இரு மடங்குக்குக் கீழே இறங்காது. அந்த வளைவு லென்ஸ் போல ஒளியை மடக்கி விளிம்பில் கரும்பட்டை போடும், எனவே நடுப்பகுதியில் மட்டும் அளவெடுங்கள். டிஎன்ஏவை 260 நானோமீட்டரில் அளக்க வேண்டுமானால் சாதாரணக் கண்ணாடி அந்த ஒளியை மறித்துவிடும். உருக்கிய சிலிக்கா வேண்டும். அமிலத்தைக் கையாளும் முன், தோலில் பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஆயிரக்கணக்கில் வார்ப்பதற்கு சிஓசி என்ற தெளிவான பிளாஸ்டிக். தானாக ஒளிர்வது பாலிகார்பனேட்டைவிடக் குறைவு. ஒட்டும்போது சூடு மிஞ்சினால் ஆழமில்லாத கால்வாய் நசுங்கிவிடும். வெறுங்கையால் தொடாதீர்கள், தோலின் எண்ணெயே விரிசலைத் தொடங்கிவைக்கும்.

உட்கவர்தலை, அதாவது மாதிரி எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்பதை, அளக்கும்போது மட்டும் பொருள் இரண்டாம்பட்சம். 1 செ.மீ. குவெட்டில் (அளவீட்டுக்கான தெளிவான சிறு கலத்தில்) 1.0 காட்டும் மாதிரி, 50 மைக்ரான் ஆழத்தில் 0.005 தான் காட்டும். இரைச்சலில் அது காணாமல் போகும். கால்வாயை இசட் வடிவில் மடித்து ஒளியை 5 மி.மீ. நீளவாக்கில் அனுப்பினால் 0.5 கிடைக்கும். அங்கே ஒரு பொறி உண்டு: மாதிரியைத் தொடாமல் சுவர் வழியே போகும் ஒளி அளவைக் குறைத்துக் காட்டும். சுற்றுச்சுவரைக் கார்பன் கலந்த கரிய பிடிஎம்எஸ்ஸால் வார்த்தால் அது அடைபடும். இசட்டின் மூலைகளை வளைத்துவிடுங்கள், குமிழி வந்து ஒட்டுவது அங்கேதான்.