ஜோசப்சன் சந்திக்கு நடுவே எதை வைப்பது: பிஸ்மத் செலினைடா, மெர்குரி டெல்லுரைடா?

ஜோசப்சன் சந்தி என்பது இரண்டு மீகடத்திகளுக்கு (மின்தடையே இல்லாமல் கடத்தும் பொருட்கள்) நடுவே வேறொரு பொருளை வைத்த அமைப்பு. இரண்டு நையோபியம் மீகடத்திகளுக்கு நடுவே டோபாலஜிகல் இன்சுலேட்டரை, அதாவது உட்பகுதி கடத்தாமல் மேற்பரப்பு மட்டும் கடத்தும் பொருளை, வைத்தால், மின்னோட்டம் அதன் மேற்பரப்பு வழியாக மட்டும் போக வேண்டும். தலைப்பிலுள்ள இரண்டும் அத்தகைய பொருட்கள்தான்.

பிஸ்மத் செலினைடு கையாள எளிது. டேப்பால் உரித்தே மெல்லிய ஏடுகள் எடுத்துவிடலாம். உட்பகுதி கடத்த எலக்ட்ரான்கள் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளியும் பெரிது, சுமார் 0.3 எலக்ட்ரான் வோல்ட். ஆனால் செலினியம் அணுக்கள் விடுபட்ட இடங்கள் எலக்ட்ரான்களைக் கொட்டுவதால் உட்பகுதியும் கடத்துகிறது. அளந்தது மேற்பரப்பையா உள்ளேயா என்று பிரிப்பது பெரும்பாடு.

மெர்குரி டெல்லுரைடில் இடைவெளி வெறும் 0.02 அளவுதான், வளர்க்கவும் விலையுயர்ந்த வெற்றிட அறை வேண்டும். ஆனாலும் என் தேர்வு இதுதான், உட்பகுதி அவ்வளவு சுத்தம். 2016-இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் குழு இத்தகைய சந்தியில் மைக்ரோவேவைச் செலுத்தியது. அதிர்வெண்ணைக் குறைத்தபோது, மைக்ரோவேவ் படும்போது சந்தியின் மின்னழுத்தம் படிப்படியாக ஏறும் ஷபீரோ படிகளில் முதல் படி மட்டும் மறைந்தது. மின்னோட்டத்தின் ஒரு பகுதி, இரு மீகடத்திகளின் அலைக் கட்ட (phase) வேறுபாடு 2 பை மாறுவதற்குப் பதில் 4 பை மாறினால்தான் பழைய நிலைக்குத் திரும்புவதன் அடையாளம் அது.