தராசில் வைத்துப் பார்க்காமல் பெட்டரி வாங்காதீர்கள்

வானுக்கோ, ட்ரெய்லருக்கோ, கரண்ட் அடிக்கடி போகிற லயத்து வீட்டுக்கோ பெட்டரி வாங்க நினைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். ஹட்டன் பக்கத்துக் கடையொன்றில் நாங்கள் நன்றாக ஏமாந்தோம். சல்லி போனது ஒரு பக்கம். அன்றைக்கு இரவு அப்பா மூச்சுக்குப் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அண்ணனுடைய வானுக்குப் பின்னால் இழுத்துப் போக ஒரு மூடிய ட்ரெய்லர் செய்தோம். மூன்று பேர் படுக்கலாம், ஓரத்தில் ஒரு பலகை மேசை. சிவனொளிபாதமலை சீசனுக்கு நல்லதண்ணியில் போய்த் தங்க வேண்டும் என்பது அம்மாவின் பல வருட ஆசை. அப்பாவுக்கு வீசிங். மலை ஏற முடியாது. "நான் கீழே படுத்துக்கொண்டே லைட் வரிசையைப் பார்க்கிறேன், நீங்கள் ஏறுங்கள்" என்றார். அதனால் எங்களுக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான்: இரண்டு சின்ன எல்ஈடி பல்ப், நான்கு போன், அப்பாவுக்கு மருந்தைப் புகையாக்கி மாஸ்க்கில் கொடுக்கிற நெபுலைசர் மெஷின்.

கடைக்காரர் எல்லாவற்றையும் விசாரித்தார். உள்ளே போய் ஒரு பெட்டரியைக் கொண்டுவந்தார். மேலே பளபளவென்று ஸ்டிக்கர்: 12 வோல்ட், 100 ஏஎச் (எவ்வளவு கரண்ட் தேங்கும் என்கிற அம்பியர் மணிக் கணக்கு), டீப் சைக்கிள் (நீண்ட நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் தருகிற வகை). "சின்னதாக இருக்கிறதே முதலாளி?" என்று கேட்டேன். "இப்போது எல்லாம் புது டெக்னாலஜி தம்பி, பழைய மாதிரி பெரிதாக வராது" என்றார். மீட்டரை வைத்து 12.7 வோல்ட் காட்டினார். பெட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற, 1000 வாட் என்று எழுதிய இன்வேர்ட்டர் ஒன்றும் வயரும் சேர்த்து 78,000 ரூபா. பில் கேட்டதற்கு வாரண்டி கார்டின் பின்பக்கத்தில் பேனையால் தொகையை எழுதித் தந்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

நல்லதண்ணியில் மாலை ஆறு மணிக்கு ட்ரெய்லரை நிறுத்தினோம். ஒரு பல்பைப் போட்டோம், இரண்டு போன் சார்ஜில். எட்டு மணிக்கு அப்பாவுக்கு ஒரு தடவை நெபுலைசர் வைத்தோம், சரியாக வேலை செய்தது. குளிர் ஏற ஏற அவருக்கு இழுப்பும் ஏறியது. ஒன்பதரைக்கு மறுபடி வைத்தபோது மெஷினின் சத்தம் கம்மியது. மாஸ்க்கிலிருந்து வருகிற புகை மெலிந்துகொண்டே போய் நின்றுவிட்டது. இன்வேர்ட்டர் 'கீ' என்று கத்தத் தொடங்கியது. பல்பும் அணைந்தது. இருட்டில் அம்மா அப்பாவின் நெஞ்சைத் தடவிக்கொண்டு இருக்க, நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். தேத்தண்ணிக் கடை அக்கா ஒருவர் ஒன்றும் கேட்காமல் தண்ணி கொதிக்க வைக்கிற தன் கேத்தில் பிளக்கைக் கழற்றிவிட்டு, "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்க தம்பி" என்றார். அன்றைக்கு அம்மா மலை ஏறவில்லை.

விடிந்ததும் பார்த்தேன். பனி ஈரத்தில் ஸ்டிக்கரின் ஒரு மூலை எழும்பியிருந்தது. நகத்தால் உரித்தால் கீழே இன்னொரு ஸ்டிக்கர், பழசு, என்எஸ்60 என்று. கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அது சின்னக் காருக்குப் போடுகிற 45 ஏஎச் பெட்டரி. வாரண்டிக்காக மாதத்தைக் குத்துகிற கட்டத்தில் ஏற்கெனவே ஓட்டைகள் இருந்தன. யாரோ ஓடிக் கழித்த பெட்டரிக்குப் புதுச் சட்டை போட்டு எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்.

ஊருக்கு வந்து தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசில் வைத்தோம். 12.4 கிலோ. ஈயப் பெட்டரி உண்மையிலேயே 100 ஏஎச் என்றால் 25 கிலோவுக்குக் குறையாது, 30 வரையும் போகும். ஈயத்தின் பாரம்தான் அது. ஸ்டிக்கரை யாரும் அச்சடிக்கலாம், பாரத்தை அச்சடிக்க முடியாது. கடையில் தராசு இல்லாவிட்டால் பக்கத்து மரக்கறிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். முகம் சுளிக்கிற முதலாளியிடம் வாங்கவே வேண்டாம்.

அந்த 12.7 என்கிற மீட்டர் கணக்கையும் நம்பாதீர்கள். சும்மா இருக்கும்போது கழிந்த பெட்டரியும் அதைக் காட்டும். காரின் முன்லைட் பல்ப் 55 வாட் ஒன்றைக் கொடுத்து அரை மணித்தியாலம் எரியவிட்டுப் பிறகு மீட்டரை வையுங்கள். நல்ல 100 ஏஎச் பெட்டரி 12க்கு மேலேயே அசையாமல் நிற்கும். எங்களுடையது பத்து நிமிஷத்தில் 11க்கு விழுந்தது.

கார் பெட்டரி ஏன் இதற்கு உதவாது என்று எங்கள் கராஜ் பாஸ் விளக்கினார். ஸ்டார்ட் எடுக்கிற சில விநாடிக்கு நிறையக் கரண்டைக் கொட்டுவதற்காக அதற்குள் மெல்லிய தகடுகள் இருக்கும். இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் அந்தத் தகடு சீக்கிரம் செத்துவிடும். டீப் சைக்கிளில் தகடு தடிப்பு. அதிலும் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது. 100 ஏஎச் என்றால் கணக்குக்கு 1200 வாட் மணி, பாவிக்க 600தான். ஒரு போனுக்கு 20, 25 வாட் மணி போகும் என்று வைத்தாலும், சொன்ன சாமானை அவர் ஒழுங்காகத் தந்திருந்தால் எங்களுக்கு இரண்டு இரவு தாராளமாகப் போதும்.

வயர் விஷயம் இன்னும் மோசம். 1000 வாட்டை 12 வோல்ட்டில் இழுத்தால் 80 அம்பியருக்கு மேல் ஓடும். அதற்கு சுண்டுவிரல் தடிப்புக்கு வயர் வேண்டும். தந்திருந்ததோ பல்ப் வயர். பியூஸே இல்லை. நல்ல வேளை, நாங்கள் கேத்தில் ஒன்றும் போடவில்லை. மெத்தை, போர்வை, பலகை என்று இருக்கிற ட்ரெய்லருக்குள் பியூஸ் இல்லாத பெட்டரி என்றால் நெருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிற மாதிரி. பெட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே பியூஸ் இருக்கவேண்டும்.

அப்புறம், போன் சார்ஜ் பண்ண இன்வேர்ட்டரே தேவையில்லை. 12ஐ 230 ஆக்கி, அதைத் திரும்ப 5 ஆக்குவதில் நடுவில் வீணாகப் போகிறது. இன்வேர்ட்டர் சும்மா ஓன் பண்ணி இருந்தாலே பெட்டரியைக் குடிக்கும். வானில் இருக்கிற மாதிரி 12 வோல்ட் யூஎஸ்பி சொக்கட் ஒன்றை நேராகக் கொடுத்தால் போதும். பல்பும் 12 வோல்ட்டிலேயே வாங்கலாம்.

பாரம் குறைவாக இருப்பதைக் கேட்டால், "இது லித்தியம்" என்றும் சொல்லலாம். அது ஈயம் இல்லாத வேறு வகை. உண்மையான 100 ஏஎச் லித்தியம் பெரும்பாலும் 10 முதல் 13 கிலோதான், ஆனால் விலை ஈயத்தை விட நிறையக் கூட. பெட்டரியின் உடம்பிலேயே 12.8 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். நுவரெலியாவில் உறைபனி கொட்டுகிற காலையில் பூச்சியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் பண்ணவும் கூடாது.

கடைக்குத் திரும்பிப் போனோம். சுவரில் "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்ற பேப்பரைக் காட்டினார். "நீங்கள்தான் பாவித்துக் கழித்தீர்கள்" என்றார். உரித்த ஸ்டிக்கரை மேசையில் வைத்தேன், அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். போன் இலக்கம் 1977. பில் கேட்டால் கடைக்காரர் கொடுத்தே ஆகவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பேனை எழுத்தோடு வந்ததால் நான் இப்போது வங்கிச் சீட்டையும் போட்டோக்களையும் வைத்து அலைகிறேன். நீங்கள் பில் இல்லாமல் அந்த இடத்தை விட்டு வராதீர்கள்.

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் அண்மையில் பெட்டரி வாங்கியவர்கள் இன்றைக்கே அந்த ஸ்டிக்கரின் மூலையைத் தூக்கிப் பாருங்கள். கீழே வேறொன்று இருந்தால் முழுக்கக் கிழிக்காமல் போட்டோ எடுத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். சேர்ந்து போய் முறைப்பாடு கொடுப்போம்.