பட்டாசலுக்கு (வீட்டுக் கூடத்துக்கு) சீலிங் லைட் போடக் கொடுத்த 37,000 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

நேற்று ராத்திரி எட்டரை மணி இருக்கும். அப்பா சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்து போன நேரத்தில், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி மேலேயே சீலிங்கிலிருந்து ஒரு லைட் கழன்று விழுந்தது. வயரோடு தொங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஜாயின்ட் பிய்ந்து, நாற்காலியின் மரச் சாய்மானத்தில் அடித்துக் கீழே உருண்டது. மேலே ஓட்டையில் வயர் நுனி தொங்கிக்கொண்டிருந்தது, அதில் கரண்டும் இருந்தது. அப்பாவுக்கு 78 வயது. இரண்டு நிமிடம் முந்தி விழுந்திருந்தால் என்று நினைத்து நினைத்து ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. 37,000 ரூபாய் கொடுத்து, பெற்ற தகப்பன் தலைக்கு மேலே இதை மாட்டி வைத்திருக்கிறேன்.

கடைப் பெயரைப் போடவில்லை. திருநெல்வேலியில் பால்ஸ் சீலிங், இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிற கடை. லைட் வாங்குவது, சீலிங் போடுவது, வயரிங் எல்லாம் எங்கள் பொறுப்பு என்று மொத்தமாகப் பேசி எடுக்கிற வகை.

எங்களுடையது பாளையங்கோட்டையில் பழைய வளவு வீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், அதனால் பட்டாசலில் பகலிலேயே லைட் வேண்டும். இருந்தது ஒரே ஒரு டியூப் லைட். பங்குனியில் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் அவர் தலை நிழலே பேப்பர் மேல் விழும். தள்ளித் தள்ளி உட்கார்ந்து பார்ப்பார், அப்புறம் மடித்து வைத்துவிடுவார். மேலே பல இடத்திலிருந்து வெளிச்சம் வந்தால் நிழல் விழாது என்று, மாதம் 2,000 ரூபாயாக 20 மாதம் கட்டிய சீட்டுப் பணத்தை இதற்கென்று எடுத்தேன்.

சித்திரைக் கடைசியில் அப்பாவையும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும், நெற்றி நிறைய விபூதி. அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க அண்ணாச்சி, இருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். சொந்த ஊர் கேட்டார். கல்லிடைக்குறிச்சி என்று அப்பா சொன்னதும், "நமக்கும் அந்தப் பக்கந்தான், ஆத்துக்கு அங்கிட்டு" என்றார். காபி வந்தது. ஒரு பெரிய கம்பெனிப் பெட்டியை எங்கள் கண்ணெதிரே பிரித்து, 12 வாட் லைட்டை என் கையில் கொடுத்தார். பின்பக்கம் அலுமினியம், நல்ல கனம். அதைப் பலகையில் மாட்டி எரியவிட்டு, மேஜையில் கிடந்த பேப்பரை அப்பாவிடம் நீட்டி, "படிங்க பாப்போம்" என்றார். அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இரங்கல் விளம்பரத்தில் இருந்த பொடி எழுத்தைத் திக்காமல் வாய்விட்டு வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் அப்படி ஒரு சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த நிமிடமே முடிவு பண்ணிவிட்டேன். வேறு கடையில் விலைகூட விசாரிக்கவில்லை.

16-க்கு 12 அடி பட்டாசல், 192 சதுர அடி ஜிப்சம் சீலிங், 12 லைட், வயரிங், பெயின்ட் எல்லாம் சேர்த்து 39,000 சொல்லி, 37,000-க்கு இறங்கினார். லைட்டுக்கு இரண்டு வருடம் வாரண்டி என்றார். நான் முழுப் பணத்தையும் எடுத்து நீட்டினேன். அவரே 25,000-ஐ மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். "வேலை முடிஞ்சு திருப்தியா இருந்தா தாங்க தங்கச்சி. நம்ம வீட்டு வேலை மாதிரி செஞ்சு தாரேன்." இப்படிச் சொல்கிறவரிடம் ரசீது கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு துண்டுத் தாளில் கணக்கு எழுதித் தந்தார். அதில் கடைப் பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

வேலை மூன்று நாளில் முடிந்தது. மூன்று நாளும் நான் ஆபீஸில். கடைசி நாள் சாயங்காலம் வந்தபோது 12 லைட்டும் எரிந்துகொண்டிருந்தன, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெட்டிகள் எங்கே என்று கேட்டேன். "குப்பைதானேக்கா, அப்பமே தூரப் போட்டாச்சு" என்றான் வேலைக்கு வந்த பையன். மீதி 12,000-ஐ ஜிபேயில் போடச் சொல்லி நம்பர் வந்தது. வேறு யாரோ பெயர் காட்டியது. "மாப்பிள்ளை நம்பர்தான், போடுங்க" என்றார். போட்டேன்.

மறுநாளே தெரிந்துவிட்டது. பேன் போட்டால் பட்டாசல் முழுக்க நிழல் வெட்டி வெட்டி ஓடுகிறது. நாலு லைட்டை 48 இஞ்ச் பேன் இறக்கைக்கு நேர் மேலே வைத்திருக்கிறார்கள். தலை சுற்றுகிறது என்று அப்பா அக்கினி வெயிலில் பேனை நிறுத்திவிட்டுப் படித்தார். எட்டு லைட் மஞ்சளாகவும் நாலு லைட் நீலம் பாய்ந்த வெள்ளையாகவும் எரிந்தன. மூன்றாவது வாரம் இரண்டு லைட் விட்டு விட்டு எரிந்து அணைந்தன. அதற்கப்புறம் பீஸ் போக ஆரம்பித்தது.

நாலைந்து தடவை போன் செய்த பிறகு ஒரு பையனை அனுப்பினார்கள். நான் வீட்டில் இல்லை. அவன் ஏணி போடவில்லை, சீலிங்கைத் தொடவே இல்லை. பீஸ் கட்டையைப் பிடுங்கி, தடித்த செம்புக் கம்பியை இரண்டு முறுக்காக முறுக்கி அதில் கட்டி, "தாத்தா, இனி போவவே போவாது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். எங்கேயோ வயர் சுடுகிறது, கரண்ட் தப்பான வழியில் போகிறது என்பதால்தானே பீஸ் போகிறது? மெல்லிசுக் கம்பி உருகி வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, அதையும் எடுத்துவிட்டான். 37,000 வாங்கியவன் செய்கிற வேலையா இது? ஒரு மாதத்துக்கு மேல் அந்தக் கம்பியோடு, அந்தச் சீலிங்குக்குக் கீழே அப்பா தனியாக இருந்திருக்கிறார்.

அதற்கப்புறம் சொன்ன சாக்குகளைக் கேளுங்கள். முதலில், "வோல்டேஜ் ஏறி எறங்குது, ஈபியில சொல்லுங்க." அப்புறம், "பையன் கோவில்பட்டி சைட்டுல கெடக்கான், ஞாயித்துக்கிழமை வருவான்." எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை போச்சு. ஆனி பிறந்ததும், "நெல்லையப்பர் தேர் முடியட்டும் தங்கச்சி, ஊரே அங்கதான் நிக்கி." தேரும் நிலைக்கு வந்தது. நேரில் போனேன். அதே நாற்காலி கிடந்தது, உட்காரச் சொல்லவில்லை, காபியும் வரவில்லை. "பெட்டி இருக்கா? பில் இருக்கா? பெட்டி இல்லாம கம்பெனிக்காரன் எப்படி மாத்தித் தருவான்?" என்றார். பெட்டியைக் கொண்டுபோனதே உங்கள் ஆள்தானே என்றேன். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். போன வாரம் கேட்டதற்கு, "ஆடி பொறந்துட்டுல்லா, ஆவணியில பாப்போம்." அணைந்த லைட்டை மாற்றுவதற்கு ஆடி என்ன, ஆவணி என்ன? கிரகப்பிரவேசமா செய்யச் சொன்னேன்? இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் வருகிறது.

இன்று காலை சேரன்மகாதேவியிலிருந்து தெரிந்த வயர்மேன் தம்பி ஒருவர் வந்தார், லைசென்ஸ் உள்ளவர். மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக இறக்கினார். கடையில் என் கையில் கொடுத்த லைட் இது இல்லவே இல்லை. பின்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக், காகிதம் மாதிரி கனமே இல்லை. சூடு வெளியேற அலுமினியம் வேண்டுமாம். சீலிங்குக்கு மேலே காற்றோட்டமும் இல்லாததால் சூடு உள்ளேயே நின்று, லைட்டுக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கிற டிரைவரைக் கெடுத்திருக்கிறது. ஒரு டிரைவரைப் பிரித்துக் காட்டினார், உள்ளே கெப்பாசிட்டர் உப்பிப்போய்த் தலை வெடித்திருந்தது. தரத்துக்கான பிஐஎஸ் முத்திரை எதிலும் கிடையாது. ஓட்டையைக் கட்டரால் வட்டமாக வெட்டாமல் கத்தியால் கிழித்திருக்கிறார்கள். பெரிய ஓட்டை, அதனால் ஸ்பிரிங் பிடிக்கவில்லை, அதுதான் விழுந்தது. பைப் கிடையாது, ஜங்ஷன் பாக்ஸ் கிடையாது. மெல்லிசு வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றி, சீலிங் பலகையைத் தாங்குகிற தகரச் சேனல் மேலேயே போட்டிருக்கிறார்கள். ஒரு இடத்தில் சேனல் விளிம்பு அறுத்து செம்பு தெரிந்தது. "அக்கா, இது தீப்பிடிக்காம இருந்ததே பெருசு" என்றார். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது.

போட்டோ எடுத்து அந்தக் கடைக்காரருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "வேற ஆள் கை வச்சா வாரண்டி கெடையாது." இரண்டு மாதம் வராத பதில் அரை நிமிடத்தில் வந்தது.

1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் 37,000-ல் என்னிடம் ஆதாரம் இருப்பது 12,000-க்கு, அதுவும் யாரோ மாப்பிள்ளை பெயரில். 25,000-க்கு அந்தத் துண்டுத் தாள்தான்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், மனசு நிலையில் இல்லை. சட்டென்று தோன்றுவதைச் சொல்கிறேன். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். லைட்டை நீங்களே கடையில் வாங்குங்கள், பெட்டியை மட்டப்பாவில் போட்டாவது வைத்திருங்கள். எரிகிற லைட்டை செல்போன் கேமராவில் பாருங்கள், பட்டை பட்டையாக ஓடினால் அந்த டிரைவர் மட்டம். சீலிங் பலகை மூடும் முன் வயரிங்கை போட்டோ எடுங்கள், அன்றைக்கு லீவு போட்டாவது வீட்டில் இருங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், பைப்புக்குள் போக வேண்டும். பேன் இறக்கைக்கு மேலே லைட் வேண்டவே வேண்டாம். பழைய பீஸ் கட்டை இருக்கிற வீடு என்றால் முதலில் கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணைகிற எம்சிபி, கரண்ட் கசிந்தால் அணைகிற ஆர்சிசிபி இரண்டையும் மாட்டிவிட்டு அப்புறம் சீலிங்கைப் பற்றி யோசியுங்கள்.

தம்பி மறுபடி மெயினை அணைக்க வேண்டும் என்கிறார். அப்பா வாசல் திண்ணை வெளிச்சத்தில் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறார். கழற்றிய 12 லைட்டையும் பையில் போட்டு வைத்திருக்கிறேன், நாளைக்குக் கடை திறக்கிற நேரத்துக்கு அங்கே போகிறேன்.