இராணுவத்தின் அலைக்கற்றைக்குப் பட்டா உண்டா? நாகர்கோவிலில் ஒரு நாள் வகுப்பு: மதிப்புரை

அலைக்கற்றை உரிமங்களை வாங்குவது, விற்பது தொடர்பான விதிகளைப் பற்றி, அதிலும் குறிப்பாக இராணுவத்தின் கையில் இருக்கும் அலைக்கற்றையைப் பற்றி, நாகர்கோவிலில் ஒரு தனியார் பயிற்சி மையம் ஒரு நாள் வகுப்பு நடத்துகிறது. சென்ற மாதம் 1,500 ரூபாய் கட்டி அதில் அமர்ந்தேன். தரைப்படையின் சிக்னல்ஸ் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது கருங்கல் பக்கம் படகுகளின் வயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்க்கும் சிறு கடை வைத்திருப்பவன் நான். இருபத்திச் சொச்சம் ஆண்டுகள் யாருடைய அலைவரிசையில் பேசினோம், அதற்கு யார் உரிமையாளர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை என்பதே என்னை அங்கே அனுப்பியது.

காலை அமர்வு கொடுத்த பணத்துக்குக் குறைவில்லாதது. வகுப்பெடுத்த இளைஞர் பிரிட்டனின் விதிகளிலிருந்து தொடங்கினார். அங்கே அலைக்கற்றை உரிமங்களை ஒருவர் மற்றவருக்கு மாற்றிக்கொடுக்கும் வணிகம் 2004-இன் இறுதியில் அனுமதிக்கப்பட்டது. ஆனால் அந்த விதி இராணுவத்துக்குப் பொருந்தவில்லை. கம்பியில்லாத் தந்திச் சட்டம் அரசுத் துறைகளைக் கட்டுப்படுத்தாது என்பதால் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு உரிமமே தேவையில்லை. உரிமம் இல்லாதவரால் உரிமத்தை விற்கவும் முடியாது. இந்த முடிச்சைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். இவர் இதிலேயே அரை மணி நேரம் நின்றார்.

என் பக்கத்தில் விளவங்கோட்டிலிருந்து வந்த பத்திர எழுத்தர் ஒருவர் இருந்தார். மகனை இந்தத் துறையில் சேர்க்கலாமா என்று பார்க்க வந்தவராம். "அப்போ இது பட்டா இல்லாத சர்க்கார் நிலம் மாதிரி. அனுபோகம் இருக்கு, ஆதாரம் இல்ல. இதுக்குப் போக்குவரவு எப்படி அண்ணே செய்வாங்க?" என்று என் காதில் கேட்டார். பெயர் மாற்றத்துக்குப் 'போக்குவரவு' என்ற திருவிதாங்கூர்க் காலத்துச் சொல்லை இன்றும் விடாத நம் மாவட்டத்துக்காரர் கேட்கும் கேள்வி அது. ஆனால் பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் எதிர்கொண்ட கேள்வியும் அதுவேதான். அதற்கு அவர்கள் வகுத்த வழி, 'அங்கீகரிக்கப்பட்ட அலைக்கற்றை அணுக்கம்' என்ற பெயரில் அரசுத் துறைகளுக்கு ஓர் ஆவணம் வழங்குவது. இன்ன அலைவரிசையில், இன்ன எல்லைக்குள், இன்ன அளவு குறுக்கீட்டைத் தாங்கி இயங்க இவருக்கு உரிமை உண்டு என்று அது எழுத்தில் வைக்கும். எல்லை எழுத்தில் வந்த பிறகுதான் அதைக் கைமாற்ற முடியும். வாங்குகிற தனியார் அதை வழக்கமான உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். பொருளியலாளர் மார்ட்டின் கேவ் 2005-இல் அரசுத் துறைகளின் அலைக்கற்றை இருப்பைத் தணிக்கை செய்ததும், இராணுவமும் தான் வைத்திருக்கும் அலைக்கற்றைக்குக் கட்டணம் செலுத்துவதும் இதோடு சேர்த்து விளக்கப்பட்டன. சும்மா கிடக்கும் நிலத்துக்கும் கரம் (வரி) கட்ட வேண்டுமென்றால் யாரும் தேவைக்கு மேல் வேலி போட மாட்டார்கள் என்று எழுத்தர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பலகையில் இருந்ததைவிட அது தெளிவாக இருந்தது.

இதே அமர்வில் ஒரு பிழையும் நேர்ந்தது. பிரிட்டிஷ் இராணுவம் தன் அலைக்கற்றையை இந்த முறையிலேயே விற்றுக் காசாக்கிவிட்டது என்ற தோற்றத்தை ஆசிரியர் ஏற்படுத்தினார். நடந்தது வேறு. 2.3 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில் 40 மெகாஹெர்ட்ஸும் 3.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 150 மெகாஹெர்ட்ஸும் இராணுவத்தின் பயன்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டு, 2018-இல் ஆஃப்காம் நடத்திய ஏலத்தில் 130 கோடி பவுண்டுக்கும் மேல் விலை போயின. 2.3 கிகாஹெர்ட்ஸ் முழுவதையும் ஓ2 என்ற கைபேசி நிறுவனம் எடுத்தது. விற்பனைக்கு விதி எழுதி வைத்தும், பெரிய பரிமாற்றம் ஏலத்தின் வழியாகவே நடந்தது என்பதுதான் இந்தப் பாடத்திலேயே சுவையான பகுதி. அதை நான் எழுந்து சொன்னபோது ஆசிரியர், "சரிதான் சார், திருத்திக்கிறேன்" என்று உடனே ஒப்புக்கொண்டார். இது அவருக்குப் பெருமை.

மதிய உணவும் கட்டணத்துக்குள் அடக்கம். தீயலும் அவியலும் நன்றாக இருந்தன, புளிசேரி தண்ணீர்.

பிற்பகல் இந்தியாவைப் பற்றியது. வகுப்பு தளர்ந்ததும் அங்கேதான். கையில் கொடுத்த அச்சுப் பிரதி 2015 அக்டோபரில் வந்த அலைக்கற்றை வணிக வழிகாட்டு நெறிகளோடு நின்றுவிட்டது. அந்த அளவில் அது சரியானதே. விற்பவரும் வாங்குபவரும் 45 நாள் முன்னதாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஏலத்தில் எடுத்து இரண்டு ஆண்டு ஆகாத அலைக்கற்றையை விற்கக் கூடாது. பேசிய விலை, அரசு குறித்த சந்தை விலை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதில் 1 விழுக்காட்டைக் கைமாற்றுக் கட்டணமாகச் செலுத்த வேண்டும். நூறு கோடிக்குப் பேசி முடித்தாலும் குறித்த விலை 120 கோடியானால் கட்டணம் 1 கோடியே 20 லட்சம் என்று பலகையில் போட்டுக் காட்டியபோது, "வழிகாட்டி மதிப்புதானே!" என்று எழுத்தர் வாய்விட்டுச் சொல்ல, வகுப்பே சிரித்தது. ஆனால் இந்த நெறிகள் தொலைபேசிச் சேவை உரிமம் பெற்றவர்களுக்கு இடையே மட்டும் செல்லுபடியாகும், முப்படைகள் இதில் விற்பவராகவோ வாங்குபவராகவோ நுழையவே முடியாது என்ற ஒற்றை வரியை அச்சுப் பிரதியில் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. இந்தப் பொருளைத் தலைப்பாக வைத்த வகுப்புக்கு அது முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தைப் பற்றியும் பேச்சில்லை. பொதுவாக ஏலம் என்று வைத்துவிட்டு, நாட்டின் பாதுகாப்பு உள்ளிட்ட சில பயன்பாடுகளுக்கு நிர்வாக முறையில் ஒதுக்கீடு என்று முதல் அட்டவணையில் பிரித்திருக்கிறது அந்தச் சட்டம்.

நம் நாட்டில் இராணுவ அலைக்கற்றை கைமாறியது விற்பனையால் அன்று, பண்டமாற்றால். தொலைத்தொடர்புத் துறையும் பாதுகாப்பு அமைச்சகமும் 2009 மே மாதம் ஒப்பந்தம் செய்துகொண்டபோது நான் பணியில்தான் இருந்தேன். படைகள் அலைக்கற்றையின் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது, அதற்கு ஈடாக அவர்களுக்கென்று தனி ஒளியிழை வலையமைப்பை அரசு அமைத்துத் தருவது என்பது ஏற்பாடு. அந்த வலையமைப்புக்கு 2012-இல் அமைச்சரவை ஒப்புதல் அளித்த தொகை 13,334 கோடி ரூபாய். 2018-இல் மேலும் 11,330 கோடி சேர்ந்தது. 2015 ஜனவரியில் பாதுகாப்புக்கென்று தனி அலைவரிசைப் பட்டையை அமைச்சரவை வரையறுத்ததோடு, படைகளிடமிருந்து 2100 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 15 மெகாஹெர்ட்ஸை வாங்கிக்கொண்டு 1900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அதே அளவைக் கொடுக்கும் மாற்றுக்கும் இசைந்தது. காலையில் பட்டாவைப் பற்றி அவ்வளவு பொறுமையாக விளக்கியவர் இந்த வரலாற்றைப் பத்தே நிமிடத்தில் ஓட்டிவிட்டார்.

கைக்கெட்டிய உதாரணங்களையும் அவர் விட்டுவிட்டார். பிரிட்டனில் இராணுவம் விட்டுக்கொடுத்த அதே 2300 மெகாஹெர்ட்ஸ் (2.3 கிகாஹெர்ட்ஸ்) பட்டையைத்தான், தமிழ்நாடு உட்பட எட்டுத் தொலைத்தொடர்பு வட்டங்களில், 2016-இல் ஏர்செல்லிடமிருந்து 3,500 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக ஏர்டெல் அறிவித்தது. ஒரே பட்டை அங்கே படையிடம் இருந்தது, இங்கே ஏலத்தில் எடுத்து மறுவிற்பனைக்கு வந்த சரக்கு என்று ஒப்பிட்டிருந்தால் முழு விதியும் விளங்கியிருக்கும். அதேபோல், பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்தின் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் மிகத் தாழ்ந்த அலைவரிசையில் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. மெதுவாக எழுத்துகள் மட்டுமே போகக்கூடிய அந்தப் பட்டையை எந்தக் கைபேசி நிறுவனமும் வாங்காது. இராணுவத்திடம் உள்ள அலைக்கற்றை எல்லாம் ஒரே விலைச் சரக்கன்று என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

மூன்றரை மணிக்கு மின்சாரம் போனது. படம் காட்டும் கருவி அணைந்ததும் கேள்வி நேரத்தைத் தொடங்கிவிட்டார்கள். அந்த முக்கால் மணி நேரம் காலை அமர்வுக்கு ஈடாக இருந்தது. மீனவர் படகில் வைக்கும் வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டை அதன் உரிமத்தோடு விற்கலாமா என்று நான் கேட்டதற்கு, செட்டு வேறு, உரிமம் வேறு, அலைக்கற்றை வேறு; 16-ஆம் சேனலான 156.8 மெகாஹெர்ட்ஸ் உலகக் கடல் முழுவதற்கும் ஆபத்து அழைப்புக்கான பொதுவழி, அதை எவரும் வாங்கவும் விற்கவும் முடியாது என்று பதில் வந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் இப்போது அப்படியே சொல்கிறேன்.

அச்சுப் பிரதியைப் புதுப்பித்து, பிற்பகலை இரண்டு மடங்காக்கி அடுத்த வகுப்பு வைத்தால் மறுபடி 1,500 கட்டத் தயார். இப்போதைய நிலையில் காலை அமர்வுக்கு மட்டும் பாதிக் கட்டணம் என்று கேட்டுப் பாருங்கள்; எழுத்தர் கேட்டார், கொடுக்கவில்லை.