அமெரிக்க டி.ஓ. மருத்துவரின் லைசென்ஸைத் தேட டாக்இன்ஃபோ: டர்பன் குடும்பங்களுக்கு எவ்வளவு பயன்?

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு வைத்தியம் பார்ப்பவரின் பெயருக்குப் பின்னால் டி.ஓ. (ஆஸ்டியோபதிக் மருத்துவப் பட்டம்) என்று இருந்தால், டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீடுகளில் கவலைப்படுகிறார்கள். தேவையில்லை. தென்னாப்பிரிக்காவில் ஆஸ்டியோபதி, அதாவது எலும்பு, மூட்டு, தசைகளைக் கைகளால் சரிசெய்யும் சிகிச்சை, 1982-ஆம் ஆண்டின் 63-ஆம் எண் சட்டத்தின் கீழ் தனிக் கவுன்சிலில் பதியப்படும் தொழில். ஆனால் அமெரிக்காவில் டி.ஓ. முழு மருத்துவர், மருந்து எழுதுவார், அறுவை சிகிச்சையும் செய்வார்.

டாக்இன்ஃபோ, மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பு நடத்தும் இலவசத் தேடல் தளம். பெயரையும் மாநிலத்தையும் கொடுத்தால் லைசென்ஸ் உள்ள மாநிலங்கள், படித்த கல்லூரி, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றைக் காட்டும். முதல் தேடலுக்கு இதைவிட வசதியானது இல்லை. ஆனால் நாயுடு, பிள்ளை, கோவெண்டர் என்று தேடினால் பல பேர் வருவார்கள். கல்லூரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு மாநில வாரியத்தின் பக்கத்திலும் உறுதி செய்யுங்கள். கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் டி.ஓ.க்களுக்குத் தனி வாரியம் உண்டு. எம்.டி. பட்டம் பெற்ற மற்ற மருத்துவர்களின் வாரியத்தில் தேடிவிட்டு "பெயரே இல்லை, போலி டாக்டர்" என்று முடிவுகட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

இந்தத் தளத்தின் பெரிய குறை வேறு. ஒரு மாநிலத்தின் சட்டமே லைசென்ஸிலிருந்து விலக்கு அளித்தவர்களை அந்த மாநிலத்தின் லைசென்ஸ் பெற்றவர்களாக இதில் பார்க்க முடியாது. விலக்குகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பொதுவாகக் காணப்படுபவை இவை. அங்கீகரிக்கப்பட்ட ஆஸ்டியோபதிக் கல்லூரி மாணவர் மேற்பார்வையில் நோயாளியைப் பார்க்கலாம். பட்டம் வாங்கியதும் அந்த விலக்கு தீர்ந்துவிடும். பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் பெறும் பயிற்சியான ரெசிடென்சிக்குப் பல மாநிலங்களில் பயிற்சி லைசென்ஸ் வேண்டும். உள்ளூர் மருத்துவர் ஆலோசனைக்கு அழைத்தால் வெளிமாநில டி.ஓ. வரலாம், ஆனால் அங்கே கிளினிக் திறக்க முடியாது, சிகிச்சைப் பொறுப்பும் அழைத்தவரிடமே இருக்கும். அவசரத்தில் கூலி வாங்காமல் செய்யும் உதவிக்கும் விலக்கு உண்டு. ராணுவ மருத்துவருக்கு ஏதாவது ஒரு மாநில லைசென்ஸ் போதும். அவர் வேலை செய்யும் மாநிலத்தில் தேடினால் பெயர் வராமல் போகலாம், வேறு மாநிலத்தில் கிடைக்கும். ஆகவே பெயர் இல்லையென்றால் கேட்க வேண்டியது ஒன்றே: எந்த விலக்கின் கீழ் பார்க்கிறீர்கள், மேற்பார்வை செய்பவர் யார்? நேர்மையான மருத்துவர் தயங்காமல் சொல்வார்.

இன்னொரு எல்லையும் உண்டு. டாக்இன்ஃபோவில் சுத்தமான பதிவு இருப்பதால் அந்த மருத்துவர் வீடியோ வழியாக டர்பனில் உள்ள நோயாளிக்குச் சிகிச்சை தரலாம் என்று ஆகாது. எல்லை தாண்டிய தொலைமருத்துவத்துக்குச் சொந்த நாட்டுப் பதிவோடு நம் சுகாதாரத் தொழில்கள் கவுன்சிலின் பதிவும் வேண்டும் என்பது அந்தக் கவுன்சிலின் வழிகாட்டுதல். அதன் இலவச இணையப் பதிவேடான ஐ-ரெஜிஸ்டரில் பெயரைப் போட்டு, பதிவு நடப்பில் உள்ளதா, தனித்துத் தொழில் செய்யும் பிரிவா, மேற்பார்வைப் பிரிவா என்று பாருங்கள். மெரேபேங்கில் கிளினிக் வைத்திருக்கும் உள்ளூர் ஆஸ்டியோபதி நிபுணரை அங்கே தேடாதீர்கள். அவர் பெயர் 1982 சட்டத்தின் கவுன்சில் பதிவேட்டில்தான் இருக்கும்.