உச்சியில் அலையா, காலில் வாலா? மூக்கொலி உயிருக்கு எந்தக் குறி

"அவன் வந்தான்" என்பதைப் பேச்சில் யாரும் கடைசி னகரம் வரை முழுதாகச் சொல்வதில்லை. நாக்கு மேலே தொடுவதற்குள் னகரம் மூக்கில் கரைந்துவிடுகிறது. "அவள் வந்தாள்" என்பதிலும் ளகரம் உதிர்ந்து 'வந்தா' ஆகிவிடும். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். மூச்சு மூக்கு வழியாகவும் போகிறதா என்பதை வைத்தே வந்தது அவனா அவளா என்று காது பிரித்துக்கொள்கிறது. எழுத்தில் அந்த மூக்கொலி உயிருக்கு நம்மிடம் குறி இல்லை. பேச்சுத் தமிழை உள்ளபடி எழுத முயலும்போதெல்லாம் நான் இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். அதனால்தான் மற்ற மொழிகள் கையாளும் குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் டில்டே, எழுத்தின் தலைமேல் நிற்கும் சிறு அலை. இடைக்கால ஐரோப்பாவில் லத்தீன் சுவடி எழுதியவர்கள் இடத்தை மிச்சம்பிடிக்க னகர, மகர எழுத்துகளை விட்டுவிட்டு, முந்தைய எழுத்தின் மேல் ஒரு கோடு போட்டார்கள். 'இங்கே ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது' என்பதே அதன் பொருள். போர்த்துகீசியத்தில் பேச்சும் அதே வழியில் போனது. கம்பளிக்கு லத்தீனில் 'லானா'. நடுவிலிருந்த னகரம் காலப்போக்கில் மறைந்து, உயிரை மூக்கொலியாக்கிவிட்டுப் போனது. விடுபட்ட எழுத்துக்கான கோடே, அலையாக, விடுபட்ட ஒலியின் சுவடுக்கும் குறியாயிற்று. இவ்வளவு இயல்பாகப் பிறந்த குறி வேறு இல்லை என்பேன். ஸ்பானிய மொழியில் அதே கோடு இரட்டை னகரத்தின் சுருக்கமாகி, 'ஞ' ஒலிக்கான தனி எழுத்தாக வேறு திசையில் போய்விட்டது.

அந்த அலை உதிர்ந்தால் என்ன ஆகும்? போர்த்துகீசியத்தில் ஆப்பிளைக் குறிக்கும் சொல்லின் கடைசி எழுத்திலிருந்து அலையை எடுத்துவிட்டால், மிஞ்சுவது கதாயுதம். மூக்கொலியோடு அழுத்தமும் மாறிவிடும், ஏனென்றால் அங்கே அலைதான் அழுத்தம் விழும் இடத்தையும் காட்டுகிறது. ஆனாலும் போர்த்துகீசியம் அலையை அ, ஒ இரண்டுக்கும் மட்டுமே தருகிறது. மற்ற உயிர்களுக்குப் பின்னால் னகரமோ மகரமோ எழுதிச் சமாளிக்கிறது.

அலையை முழுதாக நம்பிய மொழி, தென் அமெரிக்கப் பூர்வகுடி மொழியான குவாரானி. 1992 அரசியலமைப்பின்படி பராகுவேயில் ஸ்பானியத்தோடு ஆட்சிமொழி. அதன் ஆறு உயிர்களுக்கும் ஆறு மூக்கொலி இணைகள் உண்டு, ஆறின் தலையிலும் அலை. ககர ஒலியுள்ள ஒரு மெய்க்குக்கூட அலை உண்டு. அந்த மெய்க்கு யூனிகோடில் தனி எண் கிடையாது. எழுத்தையும் அலையையும் தனித்தனியே தட்டிச் சேர்க்க வேண்டும், சில எழுத்துருக்களில் அலை ஒரு பக்கமாக நழுவி நிற்கும். பேசுபவர்களுக்குச் சரியாகப் பொருந்திய குறி, கணினிக்குள் அரைகுறையாகத்தான் நுழைந்தது.

அலையின் உண்மையான சிக்கல், தலைமேல் ஏற்கெனவே வேறொன்று உட்கார்ந்திருந்தால்தான். வியட்நாமிய மொழியில் அதே அலை தொனியை, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்றஇறக்கத்தைக் குறிக்கிறது. அமெரிக்கப் பூர்வகுடி மொழியான நவஹோவுக்குத் தொனியும் வேண்டும், மூக்கொலியும் வேண்டும். உயர்தொனிக்கான சாய்கோடு மேலே இடம்பிடித்துக்கொண்டதால் மூக்கொலிக்கு எழுத்தின் காலில் ஒரு வாலைக் கட்டினார்கள். அதுதான் ஓகோனெக், போலிஷில் 'சிறு வால்'. நவஹோவில் 'ஷி' என்பதை உயர்தொனியில் சொன்னால் 'நான்'. அதே தொனியில் மூக்கொலியும் சேர்ந்தால் 'கோடைகாலம்'. மேலே கோடு, கீழே வால், இரண்டும் ஒன்றையொன்று இடிப்பதில்லை. எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் மிகுந்த மதிப்பு உண்டு.

வாலின் சொந்த ஊரான போலிஷில் கதை அவ்வளவு நேராக இல்லை. பழத்தோட்டத்தைக் குறிக்கும் 'சாத்' என்ற சொல்லில் அகரத்துக்கு வால் சேர்த்தால் நீதிமன்றம் ஆகிவிடும், ஆனால் ஒலிப்பது 'சொந்த்' என்று. வால்வைத்த அகரம் அங்கே மூக்கொலி ஒகரம்! புதிதாகக் கற்பவர் தடுமாறாமல் என்ன செய்வார்? லிதுவேனிய மொழியில் மூக்கொலியே போய்விட்டது, வால் மட்டும் நின்று இன்று நெடிலைக் காட்டுகிறது. திரையில் இன்னொரு குறை: சொல்லுக்கு அடிக்கோடு போட்டால் வால் கோட்டோடு கலந்து கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

சந்திரபிந்துவை நம்மில் பலர் பார்த்திருப்போம், பிறைக்குள் ஒரு புள்ளி. இந்தியில் 'ஹம்ஸ்' அன்னப்பறவை, மேலே வெறும் புள்ளி. புள்ளிக்குப் பதில் பிறையும் புள்ளியும் வந்தால் 'சிரி'. துல்லியமான பிரிவுதான், ஆனால் பிறைக்கு உயரம் வேண்டும். மேற்கோட்டுக்கு மேலே உயிர்க்குறி வந்துவிட்டால் இந்தியே பிறையைக் கைவிட்டுப் புள்ளிக்கு இறங்கிவிடுகிறது. அச்சில் மற்ற இடங்களிலும் பிறை அடிக்கடி காணாமல்போகிறது. வங்காளம் விடவில்லை. அங்கே 'காதா' சேறு, பிறை ஏறினால் அழுவது.

குறியே வேண்டாம், பின்னால் ஒரு னகரம் போதும் என்பது பிரெஞ்சு வழி. புது விசை தேவையில்லை, ஆனால் அந்த னகரம் எங்கே ஒலிக்கும், எங்கே மூக்கில் கரையும் என்று வாசிப்பவர்தான் விதியை நினைவில் வைத்திருக்க வேண்டும். தைவானிய மொழிக்குப் பாதிரியார்கள் உருவாக்கிய ரோமன் எழுத்துமுறை இதைச் சீராக்கியது: உயிருக்குப் பின்னால், மேலே தூக்கிய குட்டி னகரம். முழு னகரம் மெய், குட்டி னகரம் மூக்கொலி, குழப்பமே இல்லை. 2006-இல் தைவான் கல்வி அமைச்சு அறிவித்த முறையில் அது தட்டச்சுக்கு எளிதான இரட்டை னகரமாயிற்று.

தமிழுக்கு என்று கேட்டால் என் ஓட்டு அந்தக் குட்டி னகரத்துக்கே. நம் எழுத்தின் தலையில் புள்ளியும் இகர விலங்கும் இருக்கின்றன, காலில் உகரச் சுழி இருக்கிறது. துணைக்காலைத் தாண்டிய வலப்பக்கம்தான் காலி. யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் அனுஸ்வாரத்துக்கு, அதாவது இந்தியில் பார்த்த வெறும் புள்ளி போன்ற குறிக்கு, ஓரிடம் உண்டு, 'தமிழில் பயன்படுவதில்லை' என்ற குறிப்போடு. தூக்கிய குட்டி 'ன்' அங்கே இல்லை. ஆகவே இப்போதைக்கு அவன் வந்தா~, அவள் வந்தா என்று பக்கத்தில் அலைபோட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.